குசினியைப் பெருப்பிக்கப் பிளான் கீறக் கொடுப்பவர்களுக்கு: எங்களுக்கு நடந்தது

போன ஞாயிறு கோயிலில் அன்னதானத்துக்கு இருந்தபோது, பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் தன் வீட்டுக் குசினியைப் பின்பக்கம் பெருப்பிக்கப் போவதாகச் சொன்னார். பிளானுக்கு ஆள் பிடித்தாயிற்று, ஆயிரம் பவுண்ட் கொடுத்தாயிற்று, உள்ளூராட்சிக் கவுன்சிலின் விண்ணப்ப நம்பரும் வந்துவிட்டது என்றார். ஆள் யார் என்று கேட்டேன். எங்களை ஏமாற்றிய அதே ஆள். அக்காவுக்கு அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் நம்பர் வந்துவிட்டது என்ற நிம்மதியில் இருக்கிறார்களோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆளின் பெயரைப் போடமாட்டேன், பணத்தைத் திரும்ப வாங்கும் வேலை இன்னும் நடக்கிறது. அவர் வேலை செய்த விதத்தை மட்டும் ஒன்றும் விடாமல் சொல்கிறேன்.

எங்கள் வீடு லண்டனின் வடமேற்கில், 1930களில் கட்டிய செமி டிடாச்ட், அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. எங்களுக்கு முன் இருந்தவர்கள் எண்பதுகளில் குசினியைப் பின்வளவுப் பக்கம் ஒன்றரை மீட்டர் இழுத்துக் கட்டியிருந்தார்கள். இந்த ஒன்றரை மீட்டரை ஞாபகத்தில் வைத்திருங்கள். அப்படியும் இடம் போதவில்லை. அம்மா எங்களோடு வந்து இருக்கத் தொடங்கிய பிறகு, இரண்டு பேர் அடுப்படியில் நின்றால் மூன்றாமவர் பிரிட்ஜைத் திறக்க முடியாது.

2023 ஓகஸ்டில் தெரிந்த ஒருவர் மூலம் அந்த ஆள் வந்தார். நல்ல மரியாதையான பேச்சு. தான் ஆர்க்கிடெக்ட் என்றார். லேசர் கருவியால் உள்ளே இருபது நிமிடம் அளந்தார். வெளியே மழை, பின்வளவுக்கு அவர் இறங்கவே இல்லை. “அண்ணை, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ. கவுன்சிலோட நான் கதைக்கிறன், எல்லாம் நானே பார்க்கிறன்” என்றார். அந்த வார்த்தைதான் எங்களை விழுத்தியது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு. ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்றால் தலைப்பாரம் இறங்கின மாதிரித்தான் இருக்கும்.

அவர் சொன்ன கணக்கு இது. செமி டிடாச்ட் வீட்டுக்குப் பின்னால் மூன்று மீட்டர் வரை ஒரே தளமாகக் கட்ட பிளானிங் பெர்மிஷன், அதாவது கட்டுவதற்கான கவுன்சில் அனுமதி, தேவையில்லை. ஆனாலும் நாளைக்கு வீடு விற்கும்போது கேள்வி வராமல் இருக்க, கட்டுவது சட்டப்படி சரி என்று கவுன்சில் தரும் ‘லோஃபுல் டெவலப்மென்ட் சர்டிபிகேட்’ என்ற சான்றிதழுக்குப் போடுவோம், கவுன்சில் கட்டணம் 206 பவுண்ட். முன்பணம் ஆயிரமும் அந்த 206உம் கொடுத்தோம். ஒக்டோபரில் வாட்ஸ்அப்பில் ஒரு நம்பர் வந்தது: பி.பி. என்று தொடங்கி எட்டு இலக்கம். “போட்டாச்சு அண்ணை, இதுதான் உங்கட கவுன்சில் நம்பர்.” அதோடு இன்னும் 600 வாங்கினார். மொத்தம் 1,806.

ஜனவரியில் கேட்டபோது, ஒஃபீசர் வாயால் ஓகே சொல்லிவிட்டார், கடிதம் வரத் தாமதமாகும், மூன்று மீட்டர்தானே, தொடங்குங்கள் என்றார். மார்ச்சில் பில்டர் வந்தார். அவர் நல்ல மனிதர், முப்பது வருடம் இந்த வேலை செய்பவர். பிளானைப் பார்த்துவிட்டு முதல் நாளே என்னிடம் கேட்டார்: “தம்பி, பின்சுவரை இடித்தால் மேலே தாங்கிற ஸ்டீலுக்கு அளவு எங்கே? இதில ‘இன்ஜினியர் சொல்வார்’ எண்டு மட்டும் இருக்கு.” அந்த ஆளுக்குப் போன் அடித்தேன். அது கட்டடத்தின் உறுதி, பாதுகாப்பு விதிகளுக்கான பில்டிங் ரெகுலேஷன் பிளான், அதற்கு வேறாக 900 என்றார். ஓகஸ்டில் ‘எல்லாம்’ என்று சொன்னதில் அது இல்லையாம்.

அத்திவாரம் வெட்டி மூன்றாம் நாள் அனுமதியில்லாமல் கட்டுவதை விசாரிக்கும் கவுன்சிலின் என்ஃபோர்ஸ்மென்ட் ஒஃபீசர் வாசலில் நின்றார். எங்கள் சுவரோடு ஒட்டிய வீட்டில் இருக்கும் குஜராத்தி அம்மா, தன் வேலிப் பக்கம் கிடங்கு வெட்டுவதைப் பார்த்துப் பயந்து அறிவித்திருந்தார். அவரில் எந்தப் பிழையும் இல்லை. நான் பி.பி. நம்பரைக் காட்டினேன். ஒஃபீசர் தன் டாப்லெட்டில் எங்கள் முகவரியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த முகவரிக்கு எந்த விண்ணப்பமும் இல்லை என்றார். மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பி.பி. என்று தொடங்குவது கவுன்சில் நம்பர் இல்லை. அது பிளானிங் போர்ட்டல் என்ற இணையத்தளம் கொடுக்கும் நம்பர். நீங்கள் அங்கே ஒரு விண்ணப்பத்தைத் திறந்து, பாதி நிரப்பி, பணம் கட்டாமல் விட்டாலும் அந்த நம்பர் கிடைக்கும். எங்களுடையது அப்படித்தான் அரைகுறையாகக் கிடந்தது. விண்ணப்பம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்து, கவுன்சில் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பிறகு, கவுன்சில் தனக்கென்று வேறொரு நம்பர் போடும். அந்த நம்பர் கவுன்சிலின் பொதுப் பதிவேட்டில் இருக்கும். முகவரியைத் தட்டி யாரும் இலவசமாகப் பார்க்கலாம், லொகின்கூடத் தேவையில்லை. ஐந்து நிமிட வேலை. ஏழு மாதத்தில் ஒருமுறை நான் அதைச் செய்திருந்தால் அங்கே கிடங்கு வெட்டப்பட்டிருக்காது.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. விண்ணப்பத்தில் ஏஜென்ட் என்று ஒருவரின் பெயரைப் போட்டால், கவுன்சிலின் கடிதங்கள் பொதுவாக அவருக்குத்தான் போகும். ஏதாவது குறை என்று கவுன்சில் எழுதினாலும், நிராகரித்தாலும், வீட்டுக்காரருக்குத் தெரியாமலே இருக்கலாம். அதனால் விண்ணப்பத்தின் பிரதியையும், பணம் கட்டிய ரசீதையும், கவுன்சில் ஏற்றுக்கொண்டதாக அனுப்பும் கடிதத்தையும் கையில் வாங்குங்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை ரசீதாக எடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழுக்கான கட்டணமும் 206 இல்லை. அப்போது முழு பிளானிங் விண்ணப்பத்துக்குத்தான் 206, சான்றிதழுக்கு அதில் பாதி, 103. அந்த 103ஐக்கூட அவர் கட்டவில்லை.

சரி, உண்மையாகவே போட்டிருந்தாலும் கிடைத்திருக்குமா? இல்லை. இங்கேதான் அந்த ஒன்றரை மீட்டர் வருகிறது. மூன்று மீட்டரை இப்போது இருக்கும் பின்சுவரிலிருந்து அளக்கக்கூடாது. வீடு முதலில் கட்டியபோது இருந்த சுவரிலிருந்து அளக்க வேண்டும். 1948 ஜூலை 1க்கு முன் கட்டிய வீடென்றால், அன்று அது எப்படி இருந்ததோ அதுதான் கணக்கு. எண்பதுகளின் ஒன்றரையும் இவர் கீறிய மூன்றும் சேர்த்தால் நாலரை. பெர்மிஷன் இல்லாமல் கட்டக்கூடிய அளவுக்குள் அது வரவே வராது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பும் வேண்டாம். ஒட்டிய வீடு எங்கள் வீட்டின் இரட்டை, அந்த அம்மா ஒன்றும் கூட்டிக் கட்டவில்லை. பின்வளவில் இறங்கி நின்று பார்த்தால், அவருடைய பின்சுவர் எங்கே முடிகிறது, எங்களுடையது எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்று கண்ணுக்கு முன்னால் தெரியும். மழைக்குப் பயந்து அந்த ஆள் இறங்காத வளவு அது.

நாலரை மீட்டருக்கு நேரான வழி ஒன்றும் இருந்தது. இங்கிலாந்தில் செமி டிடாச்ட் வீடுகளுக்கும், வரிசையாக ஒட்டிய டெரஸ் வீடுகளுக்கும் ஆறு மீட்டர் வரை ‘பிரயர் அப்ரூவல்’ என்ற முன்கூட்டிய ஒப்புதல் கேட்கலாம். கவுன்சில் பக்கத்து வீடுகளுக்கு எழுதி 21 நாள் கொடுக்கும், 42 நாளில் முடிவு சொல்லும். கன்சர்வேஷன் ஏரியா என்ற பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருக்கும் வீடுகளுக்கு இது இல்லை. ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எங்களுக்குக் கிடங்கு வெட்டியாயிற்று. அந்தக் கதவு மூடிவிட்டது.

பிறகு பதிவுபெற்ற ஒரு ஆர்க்கிடெக்ட்டைப் பிடித்தோம். முதலாமவர் ஆர்க்கிடெக்ட்டே இல்லை என்பதை அவர்தான் காட்டினார். இந்த நாட்டில் அந்தப் பட்டத்துக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. ஆர்க்கிடெக்ட்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் போர்டில் பெயர் இல்லாதவர் தன்னை அப்படிச் சொல்லி வேலை எடுக்கக்கூடாது. அந்தப் பதிவேட்டிலும் பெயரைப் போட்டு யாரும் தேடலாம். ‘ஆர்க்கிடெக்சுரல் டிசைனர்’, ‘கன்சல்டன்ட்’ என்ற பெயர்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை. பதிவில் இல்லாதவர்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாகக் கீறுபவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பொய்யைச் சொல்லித் தொடங்கியவர் வேறு எதில் உண்மையாக இருப்பார்?

புது ஆர்க்கிடெக்ட் வந்தவுடன் பின்வளவுக்குத்தான் போனார். அம்மா கருவேப்பிலைச் சாடியை வைத்திருந்த இரும்பு மூடியைப் பார்த்து, இதை யாராவது திறந்து பார்த்தீர்களா என்று கேட்டார். சாடியைத் தூக்கி மூடியைக் கிளப்பினால் உள்ளே ஓடுவது எங்கள் வீட்டுக் கழிவு மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுடையதும்தான். 2011 ஒக்டோபர் முதல் இப்படிப் பல வீடுகள் பாவிக்கும் குழாய்கள் தண்ணீர்க் கம்பனியின் பொறுப்பு. அதற்கு மேலே கட்டுவதென்றால் அவர்களுடைய சம்மதம் வேண்டும். பழைய பிளானில் அந்த மூடி கீறப்படவே இல்லை. அதன்படி கட்டியிருந்தால் மேன்ஹோல் சாப்பாட்டு மேசைக்கு நேர்கீழே வந்திருக்கும்.

பார்ட்டி வால், அதாவது பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர், அதன் அருகே வெட்டுவது பற்றிய விஷயமும் அப்படித்தான். “அவ உங்களோட நல்ல மாதிரித்தானே, நோட்டீஸ் ஒன்றும் தேவையில்லை” என்று அந்த முதல் ஆள் சொல்லியிருந்தார். 1996 சட்டப்படி, பக்கத்து வீட்டிலிருந்து மூன்று மீட்டருக்குள், அவர்கள் அத்திவாரத்தைவிட ஆழமாக வெட்டுவதென்றால் ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பழைய வீடுகளின் அத்திவாரம் ஆழம் குறைவு, அதனால் இது அநேகமாக எல்லாருக்கும் பொருந்தும். கவுன்சில் இதைப் பார்க்காது, இது உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையிலான சட்டக் கடமை. பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மாவிடம் மனைவியோடு போய் மன்னிப்புக் கேட்டேன். முதல் கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன் என்றார். அந்த வார்த்தை பணம் போனதைவிட வலித்தது.

சில சொந்தக்காரர்கள், பேசாமல் கட்டி முடியுங்கள், நாலு வருடம் போனால் கவுன்சில் ஒன்றும் செய்ய ஏலாது என்றார்கள். தயவுசெய்து இதைக் கேட்டு நடக்காதீர்கள். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25 முதல் அந்த நாலு வருடம் பத்து வருடமாகிவிட்டது.

கடைசியில் முறையான பிளானிங் விண்ணப்பம் போட்டோம். அதற்குள் கட்டணம் 258 ஆகியிருந்தது. 2025 ஏப்ரலில் அது 528 ஆக ஏறியது, இப்போது போடுபவர்கள் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். ஒஃபீசர் அரை மீட்டர் குறைக்கச் சொன்னார். நாலு மீட்டருக்கு 2024 ஓகஸ்டில் அனுமதி வந்தது. அதுவரை பின்வளவில் கிடங்கு தண்ணீர் நிறைந்து கிடந்தது. அம்மா விழுந்துவிடுவாரோ என்று பின்கதவை எப்போதும் பூட்டியே வைத்திருந்தோம். தேவையில்லாமல் வெட்டியதை மூடவும், மெஷின் வாடகைக்கும், பில்டரின் வீணான நாட்களுக்கும் 2,400 போனது. பில்டர் தன் பங்கைக் குறைத்துத்தான் எடுத்தார். அப்புறம் இன்ஜினியர், கட்டிய வேலை விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் பில்டிங் கண்ட்ரோல், மேன்ஹோலை வெளியே நகர்த்தியது எல்லாம் தனித்தனிச் செலவு, ஆனால் அவை எப்படியும் செய்ய வேண்டிய செலவுகள். பில்டிங் கண்ட்ரோல் கடைசியில் தரும் கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டை மட்டும் வாங்காமல் விட்டுவிடாதீர்கள். பிளானிங் அனுமதி வேறு, அது வேறு. வீடு விற்கும்போது வக்கீல் இரண்டையும் கேட்பார்.

அந்த ஆள் மீது கவுண்டி கோர்ட்டில் ஒன்லைனில் சிறு வழக்குப் போட்டேன். அவருடைய பில்லில் முகவரி இல்லை, போன் நம்பர் மட்டும்தான். எங்களுக்கு அறிமுகப்படுத்தியவரிடம் மன்றாடித்தான் முகவரி எடுத்தேன். முகவரி இல்லாத பில்லுக்கு இனி ஒரு பவுண்டும் கொடுக்கமாட்டேன். அவர் பதில் போடவில்லை, தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பணம் இன்னும் வரவில்லை. அடுத்ததாக, தீர்ப்புப் பணத்தை அறவிடும் கோர்ட் பெய்லிஃபுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

கோயிலில் கண்ட அக்கா அன்று இரவே போன் பண்ணினார். கவுன்சில் தளத்தில் தன் முகவரியைப் போட்டுப் பார்த்தாராம். 2009இல் முந்தின வீட்டுக்காரர் மரம் வெட்டக் கேட்ட விண்ணப்பம் ஒன்றுதான் இருந்ததாம்.