டிரெட்ஸில் பில் டிஸ்கவுண்டிங்: ஜாப் ஒர்க் பட்டறைக்கு எந்த அளவுக்கு உதவுகிறது?

கோவை கணபதியில் சிஎன்சி ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறோம். பம்பு கம்பெனிகள் காஸ்டிங் (வார்ப்பு) அனுப்புவார்கள். நாங்கள் கடைந்து, துளை போட்டு, அளவு பார்த்துத் திருப்பி அனுப்புவோம். மெஷின் பக்கம் என் கணவர் பார்த்துக்கொள்கிறார். கணக்கு, பேங்க், வசூல் என் பொறுப்பு. டிரெட்ஸ் தளத்தை ஒரு வருடத்துக்கும் மேலாகப் பயன்படுத்துகிறேன். நம்மைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டிருந்தாலும் "நமக்கெதுக்கு" என்று விட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

டிரெட்ஸ் என்பது ரிசர்வ் வங்கி அனுமதியோடு நடக்கும் ஆன்லைன் பில் சந்தை. 2014 டிசம்பரில் விதிமுறை வந்தது. ஆர்எக்ஸ்ஐஎல், எம்ஒன்எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகிய மூன்றும் முதலில் உரிமம் வாங்கின. பிறகு இன்னும் சில சேர்ந்தன. நாம் போட்ட பில்லை ஏற்றுகிறோம், வாங்கிய கம்பெனி அதை ஒப்புக்கொள்கிறது, வங்கிகள் வட்டி விகிதம் சொல்லி ஏலம் கேட்கின்றன. நமக்குப் பிடித்த விகிதத்தை எடுத்தால் பணம் வந்துவிடும். கெடு நாளில் கம்பெனியின் கணக்கிலிருந்து வங்கி எடுத்துக்கொள்ளும். நம் பக்கம் அடமானம் எதுவும் கிடையாது. கம்பெனி கட்டாமல் போனாலும் வங்கி நம்மிடம் திரும்பி வராது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

எங்கள் கணக்கையே சொல்கிறேன். 4,00,000 ரூபாய் ஜாப் ஒர்க், 18% ஜிஎஸ்டி 72,000, டிடிஎஸ் 4,000 போக வரவேண்டியது 4,68,000. கம்பெனி பில்லை ஒப்புக்கொண்ட அன்று மதியம் மூன்று வங்கிகள் கேட்டிருந்தன: வருட வட்டி 8.4, 8.1, 7.9 சதவீதம். நான் 7.9-ஐ எடுத்தேன். 45 நாளைக்கு வட்டி சுமார் 4,560 ரூபாய். அதோடு தளத்தின் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் உண்டு. மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குள் பணம் கணக்கில் ஏறிவிட்டது. இதே பில்லுக்குக் கம்பெனியிடம் 2% கேஷ் டிஸ்கவுண்ட் கொடுத்து முன்கூட்டியே வாங்கியிருந்தால் 9,360 போயிருக்கும். கைமாற்று வாங்கிச் சமாளிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அந்த வட்டி என்னவென்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

விகிதம் நம்மைப் பார்த்து வருவதில்லை, வாங்குகிற கம்பெனியின் ரேட்டிங்கைப் பார்த்து வருகிறது. அதே மெஷினில் ஓட்டிய அதே மாதிரி வேலைக்கு இன்னொரு கம்பெனியின் பில் 9 சதவீதத்துக்கு மேல்தான் போனது. ஆனால் அதுவும் எங்கள் சிசி (வங்கியின் கேஷ் கிரெடிட் கடன்) வட்டியைவிடக் குறைவு. 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 6.5 சதவீதத்திலிருந்து 5.25 வரை இறக்கியது. அந்த இறக்கம் சிசி கணக்கில் மெதுவாகத்தான் வந்தது. டிரெட்ஸ் ஏலத்தில் உடனே தெரிந்தது.

இனி குறை. தளத்தில் பணம் மறுநாளே வந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது கம்பெனி "ஒப்புக்கொண்டேன்" என்று அழுத்திய பிறகு. அதற்கு முன்னால் நடப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மெட்டீரியல் கேட்டுக்குள் போய்விடும், ஸ்டோர்ஸில் ஜிஆர்என் (சரக்கு வந்ததற்கான ரசீது) போட்டிருக்க மாட்டார்கள். ஜிஆர்என் போட்டால் குவாலிட்டியில் நிற்கும். அதுவும் முடிந்தால் அக்கவுண்ட்ஸில் டிரெட்ஸ் லாகின் வைத்திருப்பவர் லீவில் இருப்பார். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடம் ஒரு பில் மூன்று வாரத்துக்கு மேல் இப்படி நின்றது. தளத்தின் உதவி எண்ணில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் "பையர் அக்செப்ட் பண்ணினால்தான் மேடம் எங்களால் எதுவும் செய்ய முடியும்" என்றார். அதற்குள் அடுத்த மாதம் 20-ஆம் தேதி வந்து, கைக்கு வராத பில்லுக்கு 72,000 ஜிஎஸ்டியை நாங்கள் கட்டியாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் நாட்டு நிலவரமும் எங்கள் பட்டறை நிலவரமும் முட்டிக்கொள்கின்றன. 2025 ஆகஸ்டில் இந்தியாவின் உற்பத்தித் துறை பிஎம்ஐ (50-க்கு மேல் போனால் வளர்ச்சி என்று காட்டும் குறியீடு) 59.3-ஐத் தொட்டது, பதினேழு ஆண்டுகளில் இல்லாத உயரம். அதே மாதம் 27-ஆம் தேதி அமெரிக்காவின் 50% வரி அமலுக்கு வந்தது. திருப்பூரில் அடி விழுந்ததை எல்லோரும் பேசினார்கள். இங்கே ஏற்றுமதிக் காஸ்டிங் செய்யும் ஃபவுண்டரிகளிலும் ஆர்டர் ஆட்டம் கண்டது. இன்னொரு பக்கம், விவசாயிகளுக்கு மானியத்தில் சோலார் பம்பு தரும் பிஎம் குசும் திட்டத்தால் சோலார் பம்புக்கு நல்ல தேவை. மகாராஷ்டிராவுக்கு மட்டும் எத்தனை லாரி போகிறது! வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சோலார் பம்பில் பணம் கொடுக்க வேண்டியது மாநில அரசு நிறுவனங்கள். அங்கே தாமதமானால் பம்பு கம்பெனிக்குத் தாமதம், அங்கிருந்து எங்களுக்கு. ஆர்டர் கூடக் கூட எங்கள் பணம் வெளியே நிற்பதும் கூடுகிறது.

செலவோ முன்னைவிட ரொக்கமாகக் கேட்கிறது. 2025 பிப்ரவரியில் சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து, டங்ஸ்டனில் செய்யும் வெட்டு முனையான கார்பைடு இன்சர்ட் விலை நிற்கவே இல்லை. எங்கள் இன்சர்ட் டீலர், பல வருடப் பழக்கம், "அக்கா, போன மாசத்து ரேட்டு இப்ப இல்லீங்க, பழைய பாக்கிய முடிச்சுட்டு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் கம்பெனி கடன் தருவதில்லை. அப்புறம் 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி மாற்றம் வந்தது. பல பொருள்களுக்கு வரி குறைந்தது. எங்களைப் போன்ற ஜாப் ஒர்க்குக்கு 12% இருந்தது 18% ஆனது. கம்பெனி அதை இன்புட்டாக எடுத்துத் தன் வரியில் கழித்துக்கொள்ளும், நஷ்டமில்லை என்பார்கள். சரி. ஆனால் வசூலாகும்வரை அந்தக் கூடுதல் 6 சதவீதத்தைக் கையிலிருந்து போட்டு வைப்பது பட்டறைக்காரர்தானே?

நாட்டின் ஜிடிபியில் உற்பத்தியின் பங்கு பல வருடங்களாக 17 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. 2014-இல் மேக் இன் இந்தியா தொடங்கியபோது 25 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். உற்பத்தியைப் பொறுத்து அரசு தரும் பிஎல்ஐ ஊக்கத்தொகை பெரிய ஆலைகளுக்குப் போனது, போகட்டும். ஆனால் அந்த ஆலைகளுக்குப் பார்ட்ஸ் கடைந்து கொடுக்கிறவரிடம் அடுத்த மெஷினுக்கு முன்பணம் கட்டக் காசு இல்லையென்றால் அந்தப் பங்கு எப்படி ஏறும்? என்னைக் கேட்டால், சின்னப் பட்டறைக்கு மானியத்தைவிடப் பெரிய உதவி, செய்த வேலைக்குக் காசு சொன்ன நாளில் வருவது. சமீப வருடங்களில் அரசு கொண்டுவந்தவற்றில் அதை அதிகம் தொடுவது டிரெட்ஸ்தான்.

வருமான வரியில் 43பி(எச்) என்று ஒரு பிரிவும் வந்தது. 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டப்படியான கெடுவுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள், பணம் கொடுக்காவிட்டால் வாங்கியவர் அதை உண்மையில் பணம் கொடுத்த வருடத்தின் செலவாகத்தான் காட்ட முடியும். நல்ல நோக்கம். ஆனால் இந்தக் கெடுவிலிருந்து தப்பிக்க ஒரு வாடிக்கையாளர் எங்களிடம் "உத்யம் பதிவை ரத்து செய்துவிடுங்களேன்" என்று கேட்டார். உத்யம் என்பது சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு. ரத்து செய்யவில்லை. வேலை கொஞ்சம் குறைந்தது. டிரெட்ஸில் சேர உத்யம் பதிவு வேண்டும், அதனால் யார் கேட்டாலும் ரத்து செய்யாதீர்கள்.

இன்னொரு குறை, யார் இதற்குள் இருக்கிறார்கள் என்பது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச்சுக்குள் சேர வேண்டும் என்று உத்தரவு. முன்பு இந்த வரம்பு 500 கோடி. எங்கள் வேலையில் பாதி 250 கோடிக்கும் கீழே உள்ள அசெம்பிளிக்காரர்களிடமிருந்து வருகிறது, அவர்களுக்குக் கட்டாயம் இல்லை, அதனால் அந்தப் பில்களுக்கு எங்களுக்கு டிரெட்ஸ் இல்லை. சேர்ந்த கம்பெனிகளிலும் சில பெயருக்குச் சேர்ந்துவிட்டு ஒரு பில்லைக்கூட ஒப்புக்கொள்ளாமல் இருக்கின்றன. 2026 பட்ஜெட்டில் மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் சிறு நிறுவனங்களிடம் வாங்குவதெல்லாம் டிரெட்ஸ் வழியாகவே நடக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அதை வரவேற்கிறேன். தனியார் கம்பெனிகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

சேர விரும்புகிறவர்களுக்கு: முக்கியமாக வேண்டியவை பான், ஜிஎஸ்டி, உத்யம், வங்கிக் கடிதம். சிசி கணக்கு இருந்தால் உங்கள் வங்கி மேனேஜரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். டிரெட்ஸில் விற்ற பில்லை மாதாந்திர டெப்டர்ஸ் ஸ்டேட்மென்ட்டில் (வரவேண்டிய பாக்கிப் பட்டியல்) காட்டக் கூடாது, அதனால் டிராயிங் பவர், அதாவது சிசியில் எடுக்கக்கூடிய தொகை, குறையும். எந்தத் தளம் என்று நாம் தேர்ந்தெடுப்பதைவிட, உங்கள் பெரிய வாடிக்கையாளர் எதில் இருக்கிறார் என்று கேட்டு அதில் சேருவதே புத்திசாலித்தனம்.

வேகம், வட்டி, பாதுகாப்பு மூன்றுக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஒப்புதல் விஷயத்தில் பாதிகூடக் கொடுக்க மாட்டேன். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்று 2006-இன் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டமே சொல்கிறது. நான் பயன்படுத்தும் தளத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. பதினாறாம் நாள் பில் தானாக ஏலத்துக்குப் போகும்படி செய்தால், ஜிஆர்என் எங்கே நிற்கிறது என்று கேட்டு ஸ்டோர்ஸுக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் நான் போன் போட வேண்டியிருக்காது.