புரோவானா, பாயோவா?

ஐரோப்பிய இடைக்காலத்தைக் கொண்டாடும் விழாவுக்கு பாரிஸிலிருந்து ஒரே நாளில் போய்வர, ஜூனில் புரோவான் (Provins) என்ற ஊர்தான் வசதி. கார் தெ லெஸ்ட் நிலையத்தில் 'P' தட ரயில் ஏறினால் சுமார் 1 மணி 25 நிமிடம். பாரிஸ் வட்டாரப் பயண அட்டையான நவிகோவே போதும். ரயில் மணிக்கு ஒன்றுதான் என்பதால், மாலையில் எல்லோரும் ஒன்றாகத் திரும்பும்போது நெரிசல் பிதுங்கும். விழா நடக்கும் மேல்நகருக்கு நுழைவுச்சீட்டு உண்டு. நிலையத்திலிருந்து ஏற்றம், மேலே உருளைக்கல் பாவிய தெரு. தட்டையான செருப்பு வழுக்கும், ரப்பர் அடி ஷூ போடுங்கள். கோட்டைமதில் மட்டும் பார்த்தாலே பயணம் வீண்போகாது.

நார்மண்டியில் உள்ள பாயோவின் (Bayeux) விழா ஜூலைத் தொடக்கத்தில், தெருவெங்கும் இலவசம். பாரிஸின் சேன்-லசார் நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல், முன்பதிவு அவசியம். 1077இல் அர்ப்பணிக்கப்பட்ட பேராலயத்தின் நிழலிலேயே சந்தை. இரவு தங்க முடிந்தால் பாயோவையே சொல்வேன். ஆனால் 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற கதை சொல்லும் புகழ்பெற்ற 70 மீட்டர் சித்திரத்துணியை நம்பிப் போகாதீர்கள்: அது இருந்த அருங்காட்சியகம் 2025 செப்டம்பரில் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது.