டப்பாவா, குழாயா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒரு மணி நேரம். அதற்குப் பிறகான தேநீர் இரண்டு மணி நேரம். போன மாதம் அந்தத் தேநீர் மேசையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில், இரண்டு பயாப்சி அறிக்கைகள், குடலில் எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து எழுதியவை, வந்து சேர்ந்தன. ஒன்று வகுப்பின் மூத்த மாணவருடையது. 61 வயது, எல்லோருக்கும் அண்ணன். மற்றது அவருடைய சொந்தத் தங்கையுடையது. 57 வயது, எங்களுக்கெல்லாம் அக்கா.

"வாத்தியாரே, ஆத்திசூடி ஓடிப்போகாது. முதலில் இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்றார் அண்ணன்.

நான் மருத்துவன் அல்ல. டர்பனுக்கு வருவதற்கு முன் மதுரையில் ஒரு நோயியல் ஆய்வகத்தில் எட்டு ஆண்டுகள் அறிக்கை தட்டச்சு செய்தவன். எந்த வரியைப் படிக்கும்போது மருத்துவரின் முகம் மாறும் என்பது தெரியும், அவ்வளவுதான்.

பாலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை. அண்ணனுடையது மலக்குடலுக்குச் சற்று மேலே, பெருங்குடலின் சிக்மாய்ட் வளைவில் இருந்தது. 18 மில்லிமீட்டர். காளானைப் போலக் காம்பு உள்ளது. வகை டியூபுலோவில்லஸ் அடினோமா; அடினோமா என்பது புற்றுநோய் ஆகக்கூடிய பாலிப் வகை. வீட்டிலேயே மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக் கொடுக்கும் சோதனையில் ரத்தம் தெரிந்து, அதன் பிறகு கொலோனோஸ்கோபியில், அதாவது ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்த்ததில், அகப்பட்டது. அக்காவுடையது வலப்பக்கம், ஏறுகுடலில். 12 மில்லிமீட்டர், காம்பு கிடையாது, சப்பாத்தி மாவு போலச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. நுண்ணோக்கியில் ரம்பத்தின் பல் போலத் தெரியும் ரம்பப்பல் வகை. அண்ணனுக்கு வந்ததால் உடன்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் மட்டுமே குழாய் விட்டுப் பார்த்தார்கள். போன ஆண்டு அக்கா கொடுத்த டப்பாச் சோதனை 'ரத்தம் இல்லை' என்று வந்திருந்தது.

ஆக, அண்ணன் டப்பா கட்சி: "அதுதான் என்னைக் காப்பாற்றியது." அக்கா குழாய் கட்சி: "அது என்னை ஏமாற்றியது." இருவர் சொல்வதும் உண்மை. ஏன் என்று பார்க்க வேண்டுமானால் சோதனையை விட்டுவிட்டு முதலில் பாலிப்பைப் பார்க்க வேண்டும்.

பாலிப் எல்லாம் புற்றுநோய் ஆவதில்லை. மிகப் பெரும்பாலானவை ஆவதே இல்லை. ஆகிறவையும் பொதுவாகப் பத்து ஆண்டு, சில சமயம் அதற்கும் மேல், எடுத்துக்கொள்கின்றன. எது ஆகும் என்பதற்கு முதல் குறி அளவு. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் அடினோமாக்களை வைத்து மூட்டோ, பஸ்ஸி, மார்சன் மூவரும் 1975இல் கொடுத்த கணக்கை இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள்: 1 சென்டிமீட்டருக்குக் குறைந்தவற்றில் புற்றுநோய் இருந்தது 1.3 சதவீதம், 1 முதல் 2 சென்டிமீட்டரில் 9.5 சதவீதம், அதற்கு மேல் 46 சதவீதம். இரண்டாவது குறி, நுண்ணோக்கியில் தெரியும் அமைப்பு. குழாய்க் குழாயாக அடுக்கியிருக்கும் டியூபுலர் வகையில் 5 சதவீதம், விரல் விரலாக நீண்டிருக்கும் வில்லஸ் வகையில் 41 சதவீதம், இரண்டும் கலந்ததில் 22 சதவீதம். அது பழைய காலத்துக் கணக்கு. இன்று குழாயில் அகப்படும் பொடிப் பாலிப்புகளில் ஆபத்து இன்னும் குறைவு. ஆனால் ஏணியின் படிகள் மாறவில்லை. மூன்றாவது குறி, செல்கள் எவ்வளவு தாறுமாறாகிவிட்டன என்பது. அறிக்கையில் 'உயர்நிலை டிஸ்பிளேசியா' என்று இருந்தால் அது புற்றுநோய்க்கு அடுத்த வீடு. நான்காவது, எண்ணிக்கை.

அண்ணனுக்கு அளவும் அமைப்பும் எதிராகவே இருந்தன. டிஸ்பிளேசியா மட்டும் கீழ்நிலை. காம்பு அவருக்குச் சாதகம். கம்பிச் சுருக்கைப் போட்டு இறுக்கி, மின்சூட்டில் காம்போடு அறுத்து எடுத்துவிட்டார்கள். பாலிப்பின் தலையில் புற்றுநோய் தொடங்கியிருந்தாலும் அது காம்பு வழியே குடல் சுவருக்கு இறங்க நேரமாகும். தட்டையான பாலிப்பில் அந்த இடைவெளி கிடையாது, நேராகச் சுவர்தான்.

இனி அக்காவுடையது. இந்த ரம்பப்பல் வகையைப் பல காலம் ஒன்றும் செய்யாத ஹைப்பர்பிளாஸ்டிக் கூட்டத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். மலக்குடலில் வரும் பொடி ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் உண்மையிலேயே சாது. வலப்பக்கத்தில் தட்டையாகப் படரும் ரம்பப்பல் வகை அப்படி அல்ல; அடினோமா வழி அல்லாத வேறொரு வழியில் புற்றுநோய்க்குப் போகிறது. அதன் நிறம் பக்கத்துத் தோலின் நிறம். மேலே சளிப் படலம் போர்த்தியிருக்கும். முக்கியமாக, அது எளிதில் ரத்தம் கசிவதில்லை. புகைப்பழக்கத்தோடு இந்த வகைக்கு நெருங்கிய தொடர்பு உண்டு என்பார்கள். ஆனால் இந்த வீட்டில் முப்பது ஆண்டு புகைத்தவர் அண்ணன். அக்கா தீக்குச்சியை விளக்கேற்ற மட்டுமே தொட்டவர். நோய் புத்தகம் படித்துவிட்டு வருவதில்லை.

இப்போது டப்பா விஷயம் தானாக விளங்கும். இன்றைய மலப் பரிசோதனை, ஃபிட் என்பது, மனித ரத்தத்தின் குளோபின் என்ற புரதத்தை மட்டும் தேடுகிறது. பழைய முறையில் மூன்று நாள் ஆட்டிறைச்சியை விட வேண்டும். இதற்கு அது தேவையில்லை. ஆனால் ரத்தம் கசியாத பாலிப்பை ரத்தம் தேடும் சோதனை எப்படிக் கண்டுபிடிக்கும்? அமெரிக்காவில் 2014இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் ஒரே ஒரு முறை செய்த ஃபிட், புற்றுநோய்களில் 73.8 சதவீதத்தைப் பிடித்தது. முற்றிய நிலையில் உள்ள பாலிப்புகளில் 23.8 சதவீதம். 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தட்டை ரம்பப்பல் பாலிப்புகளில் வெறும் 5.1 சதவீதம். அக்காவின் டப்பா பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்வி 'ரத்தம் உண்டா' என்பதுதான்.

ஆகவே டப்பாவின் பலம் திரும்பத் திரும்பச் செய்வதில் இருக்கிறது. இந்த ஆண்டு தவறவிட்டது அடுத்த ஆண்டு கசியலாம். பாலிப் பத்தாண்டு எடுத்துக்கொள்கிறது என்பதால் நமக்கு வாய்ப்பு பல. ஒரு முறை செய்து 'இல்லை' என்று வந்ததும் ஐந்தாண்டு மறந்துபோகிறவருக்கு அதன் பயன் வெகுவாகக் குறைகிறது. ரத்தம் தெரிந்த பிறகு கொலோனோஸ்கோபிக்குப் போகாமல், "மூலநோயாக இருக்கும்" என்று இருந்துவிடுகிறவருக்கு அது முழுக்கப் பயனற்றது. இந்த இரண்டாவது ரகம் எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேர்.

குழாயின் பெருமை, கண்ணால் பார்த்து அதே மூச்சில் எடுத்துவிடலாம் என்பது. அதன் சிறுமை முதல் நாள் இரவு. அக்கா அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்று நாளாகப் பீன்ஸ் இல்லை, சோளம் இல்லை, கீரை இல்லை. அன்று முழுக்கத் தெளிந்த திரவம் மட்டும். சாயங்காலம் சமையலறை மேடையில் உப்பும் இனிப்புமாகக் குமட்டும் மருந்துத் தண்ணீர், மொத்தம் நான்கு லிட்டர், பாதி இரவில், பாதி விடியற்காலையில். எலுமிச்சைத் துண்டை மோந்துகொண்டே குடித்தாராம். "காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிறவள் நான். இந்த ஓர் இராத்திரியில் முருகனையே திட்டிவிட்டேன்." ஆனால் இந்த இரவில் ஏமாற்றினால் மறுநாள் கிடைப்பது அரைகுறைச் சோதனை. அதுவும் வலப்பக்கம்தான் முதலில் அழுக்காக நிற்கும். அக்காவின் பாலிப் போன்றது அந்த மஞ்சள் கறைக்கு அடியில் மறைந்துவிடும்.

குழாயும் எல்லாவற்றையும் பார்த்துவிடுவதில்லை. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை கொலோனோஸ்கோபி செய்து பார்த்த ஆய்வுகளில், அடினோமாக்களில் நான்கில் ஒன்று வரை முதல் முறை தப்பியிருக்கிறது, பெரும்பாலும் சிறியவை. செய்பவரின் கை, கண், பொறுமை மூன்றும் கணக்கில் வரும். குழாயை வெளியே எடுக்கும்போது குறைந்தது ஆறு நிமிடமாவது நிதானமாகப் பார்த்திருக்க வேண்டும். குடல்வால் இருக்கும் முனை வரை போயிருக்க வேண்டும். இந்த இரண்டும் அறிக்கையில் உள்ளனவா என்று கேட்பதில் வெட்கமில்லை. குடலில் ஓட்டை விழும் அபாயம் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே, பெரிய பாலிப்பை எடுக்கும்போது அதைவிடச் சற்று அதிகம். மயக்க மருந்து கொடுப்பதால் அன்று கார் ஓட்டக் கூடாது.

மூன்றாவதாக சி.டி. கொலோனோகிராபி என்று ஒன்று உண்டு; சி.டி. ஸ்கேனில் குடலைப் படம் எடுத்துப் பார்ப்பது. அதற்கும் குடலைக் காலி செய்ய வேண்டும், தட்டையானவற்றில் தடுமாறும், கண்டுபிடித்தால் எடுக்கத் திரும்பக் குழாய்தான். குழாய் போக முடியாதவர்களுக்கு அது நல்லது. மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தென்னாப்பிரிக்காவில் தேசிய அளவிலான பெருங்குடல் பரிசோதனைத் திட்டம் இல்லை. மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு உள்ளவர் தேதி வாங்குகிறார். இல்லாதவர் அரசு மருத்துவமனையில் காத்திருக்கிறார். அந்த வரிசையில் வலியும் ரத்தமும் உள்ளவர்களுக்கு முதலிடம், அது நியாயமும்கூட. எனக்குத் தெரிந்த ஒருவர், "செய்தால் கொலோனோஸ்கோபிதான் செய்வேன், அரைகுறை வேண்டாம்" என்று நான்காண்டாக எதையும் செய்யாமல் இருக்கிறார். அவருக்கு டப்பாவே மேல். ஸ்பெயினில் ஐம்பத்தேழாயிரம் பேரைப் பிரித்து, ஒரு பாதியை ஒரு முறை கொலோனோஸ்கோபிக்கும் மறு பாதியை இரண்டாண்டுக்கு ஒரு முறை ஃபிட் சோதனைக்கும் அழைத்துப் பத்தாண்டு பார்த்து, 2025இல் முடிவு சொன்னார்கள். பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர்கள் குழாய்ப் பக்கம் 0.22 சதவீதம், டப்பாப் பக்கம் 0.24. ஏறத்தாழச் சமம். டப்பாவுக்கு அதிகம் பேர் வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் இந்தச் சமம் சாதாரண ஆபத்து உள்ளவர்களுக்கு. தாய், தந்தை, உடன்பிறந்தார், பிள்ளைகளில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் நமக்கு ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு. அவர்களுக்குப் போட்டியே இல்லை, குழாய்தான். 40 வயதிலோ, அந்த உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்தியதோ அப்போது. பெருங்குடல் புற்றுநோயைப் பரம்பரையாகக் கொண்டுவரும் லிஞ்ச் நோய்க்குறி உள்ள வீடுகளில் அதற்கும் முன்பே, அடிக்கடி. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நம் வடக்கு கேப் மாகாணத்தில் ஒரே மரபணுப் பிழையைச் சுமக்கும் குடும்பங்களைக் கேப் டவுன் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து, ஊர் தேடிப்போய்க் கொலோனோஸ்கோபி செய்தார்கள். தொடர்ந்து பார்த்துக்கொண்டவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார் அண்ணன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் பிரிவில் வைத்தது. தினம் 50 கிராமுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது. இங்கே கடையில் விற்கும் போலனி, வியன்னா போன்ற தொத்திறைச்சி எல்லாம் இதில் அடங்கும். "நான் புரட்டாசி முழுக்கச் சைவம்" என்றார் அவர். மீதிப் பதினொரு மாதத்தை அக்கா கேட்டதும் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் இருவருக்கும் அழுத்திச் சொன்னேன். எடுத்த பாலிப்பிலேயே புற்றுநோய் இருந்திருந்தால் கேள்வியே வேறு: எடுத்தது போதுமா, குடலின் அந்தப் பகுதியை வெட்ட வேண்டுமா? வெட்டிய ஓரத்தில் சுத்தமான இடைவெளி 1 மில்லிமீட்டராவது இருக்கிறதா, ரத்த நாளத்திலோ நிணநாளத்திலோ செல் நுழைந்திருக்கிறதா, செல் எவ்வளவு முரடு, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அந்த வரிகள் இரண்டு அறிக்கையிலும் இல்லை.

இருவருக்கும் அடியில் எழுதியிருந்த தேதி ஒன்றுதான்: மூன்றாண்டு கழித்து மறுபடியும் கொலோனோஸ்கோபி. அண்ணனுக்கு அளவாலும் வில்லஸ் அமைப்பாலும், அக்காவுக்கு 10 மில்லிமீட்டரைத் தாண்டிய ரம்பப்பல் பாலிப்பால். டப்பா கட்சித் தலைவர் முகம் சற்று வாடியது. இனி அவருக்கும் குழாய்தான்.

"ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம் அண்ணே, துணைக்குத் துணை" என்றார் அக்கா.

"மயக்க மருந்து இரண்டு பேருக்கும் என்றால் காரை யார் ஓட்டுவது?" என்று கேட்டுவிட்டு, அண்ணன் என்னைப் பார்த்தார்.