புது கிட்டார் என்று சொல்லி 46,500 ரூபாய்க்கு விரிசல் விட்டதை விற்றுவிட்டார்கள்

நேற்று மாலை அந்தக் கடையின் படியில் இறங்கும்போது கை நடுங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சென்னையில் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், அதுவும் ட்ரெமோலோ (கம்பிகளின் சுருதியை அசைக்கும் கைப்பிடி அமைப்பு) வைத்ததைத் தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் எழுதுகிறேன். எனக்குப் போனது 46,500 ரூபாய். ஆபீஸில் 2 வருடம் கட்டிய சீட்டுப் பணம் அது.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரும்வரை பெயர் வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மாடியில் ஒரே ஒரு அறை. கீழே பெரிய போர்டு எதுவும் கிடையாது. ஃபோனில் வீடியோ போட்டுத்தான் ஆளை வரவழைக்கிறார்கள். அந்த மாதிரிக் கடை.

நான் கிட்டாருக்குப் புதியவள் இல்லை. பெரம்பூரில் எங்கள் சபையின் கொயரில் 14 வருடமாக வாசிக்கிறேன். இத்தனை நாள் சபைக்குச் சொந்தமான பழைய கிட்டார்தான். அதன் நெக், அதாவது இடது கையால் பிடிக்கும் கழுத்துப் பகுதி, தடிமன். போன வருடத்திலிருந்து இடது கட்டைவிரல் மூட்டில் வலி வந்துவிட்டது. ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கார்டு பிடித்து இரண்டு பாட்டு வாசித்தால் அன்றைக்கு ராத்திரி சப்பாத்திக்கு மாவு பிசைய முடியாது. அதனால் மெல்லிய நெக், அதன் தலைமுனையான நட் பக்கம் அகலம் 42 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, பின்புறம் வழவழவென்று பளபளப்புப் பூச்சு இல்லாமல் மேட்டாக இருக்க வேண்டும். பளபளப்பான நெக் சென்னை வியர்வைக்கு உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும், வாசித்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, ட்ரெமோலோ. கீர்த்தனைகளில் ஒரு வரியின் கடைசி ஸ்வரம் அப்படியே நிற்காது, லேசாக அசைந்து அடங்கும். அந்த அசைவை ஒரு முழுக் கார்டுக்கும் சேர்த்துக் கொடுக்க விரலால் முடியாது. ட்ரெமோலோவின் கைப்பிடியான பாரை இரண்டு விரலால் தொட்டால் போதும், வந்துவிடும். எல்லோரும் ட்ரெமோலோ என்றுதான் சொல்கிறோம். அது அசைப்பது சுருதியை என்பதால் வைப்ரேட்டோ என்பதுதான் சரியான பெயர். 1954-இல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ஃப்ளாய்ட் ரோஸ் வகை எனக்கு வேண்டாம். கம்பியை இரண்டு பக்கமும் பூட்டிவிடும், சுருதி நன்றாக நிற்கும், ஆனால் ஆராதனை நடுவே ஒரு கம்பி அறுந்தால் தொலைந்தோம். எனக்குத் தேவை இரண்டு ஸ்டட்டில் (மரத்தில் இறங்கும் திருகுத் தண்டு) நிற்கும் சாதாரண ப்ரிட்ஜ், அதாவது கம்பிகளைத் தாங்கும் அடிப்பகுதி, அதோடு கம்பியை இறுக்கிப் பிடிக்கும் லாக்கிங் ட்யூனர். ஆடிவிட்டுத் திரும்பி அதே சுருதிக்கு வந்து நின்றால் போதும்.

இதையெல்லாம் அந்தக் கடைக்காரரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதையே எனக்குக் காட்டினார்.

சனிக்கிழமை. 29சி பஸ் பிடித்துப் போனேன். "சர்ச்ல வாசிக்கிறீங்களா சிஸ்டர்? நானும் சின்ன வயசுல கொயர்லதான் ஆரம்பிச்சேன்" என்றார். தன் பர்ஸைத் திறந்து கம்பியை மீட்டும் பிக் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். டீ வரவழைத்தார். அரை மணி நேரம் யாரும் அவசரப்படுத்தவில்லை. கறுப்பு நிறக் கிட்டார், மேலே பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் இருந்தது. கையில் எடுத்தவுடனே கட்டைவிரல் சொல்லிவிட்டது, இதுதான் என்று. அவ்வளவு சுகம். பார் கார்டு பிடித்தேன், வலி இல்லை. அப்புறம் அவரே வாங்கி, தலைப்பக்கம் சுருதி காட்டும் ட்யூனரை மாட்டி, பாரைக் கம்பிகள் தொளதொளவென்று தொங்கும்வரை அமுக்கிவிட்டார். ஆறு கம்பியும் பச்சை விளக்கில் வந்து நின்றன. மறுபடி அமுக்கினார். மறுபடியும் பச்சை. என் கண்ணால் பார்த்தேன்.

நான் வாங்கிப் பாரை மேல்நோக்கி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கல் மாதிரி இருந்தது. "புது ஸ்ப்ரிங் சிஸ்டர், ஒரு வாரம் வாசிச்சா இளகிடும்" என்றார். 14 வருடம் வாசித்தவள், அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். ஸ்ப்ரிங்குகளை மூடியிருக்கும் பின்பக்கத் தட்டைக் கழற்றிக் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பச்சை விளக்கும் டீயும் பர்ஸிலிருந்து எடுத்துத் தந்த பிக்கும் வாயை அடைத்துவிட்டன.

பில் போட்டால் வரி சேர்ந்து எட்டாயிரம் சொச்சம் கூட ஆகும் என்றார். ஒரு துண்டுச் சீட்டில் எஸ்டிமேட் என்று எழுதி 46,500 என்று போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜிபே செய்தபோது திரையில் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. "மச்சான் அக்கவுண்ட்தான், போடுங்க" என்றார். போட்டேன். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "பின்னாடி தட்டை மட்டும் கழட்டாதீங்க சிஸ்டர், வாரண்டி போயிடும்."

ஐந்தாம் நாள் கம்பி மாற்றினேன். நான் எப்போதும் போடுவது 9 கேஜ், அதாவது மிக மெல்லிய கம்பியின் கனம் 0.009 அங்குலம்; எண் குறைந்தால் கம்பி இன்னும் மெல்லியது. பெரும்பாலான எலக்ட்ரிக் கிட்டார்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே 9-இலோ 10-இலோதான் வரும். மாட்டி சுருதி சேர்த்தேன். அரை மணி நேரத்தில் எல்லாக் கம்பியும் இறங்கியிருந்தது. மறுபடி சேர்த்தேன். மறுபடியும் இறங்கியது. பாரைத் தொடவே இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால், ப்ரிட்ஜின் ஒரு பக்க ஸ்டட் நெக் பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது.

அன்றைக்கே ஃபோன் செய்தேன். "புதுக் கம்பி, செட்டாகணும்." சரி. அடுத்த நாள் ஸ்டட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "சென்னைல ஹியூமிடிட்டி ஜாஸ்தி சிஸ்டர், மரம் அப்படித்தான் இருக்கும்." மூன்றாவது முறை அழைத்தபோது ஓனர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றது ஒரு பையனின் குரல். எனக்கு விற்றவர்தான் ஓனர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! நேரில் தூக்கிக்கொண்டு போனேன். "வெச்சிட்டுப் போங்க, நாளைக்கு சர்வீஸ் பண்ணித் தரோம்" என்றார்கள். அந்த நாளை வர 9 நாள் ஆனது. திரும்ப வாங்கியபோது கம்பிக்கு 650 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்கள். சுருதி நின்றது. இரண்டு நாள் வாசித்தேன், நெக் மறுபடியும் அதே சுகம். ஆனால் சத்தம் சன்னமாக, உடம்பே இல்லாமல் இருந்தது. அழுத்தினால் சுருதி ஏறியது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எங்கள் பக்கம், ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அருகில், பல வருடமாகக் கிட்டார் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அங்கிள் என்போம். முந்தாநாள் அவரிடம் கொண்டுபோனேன். கம்பியைத் தொட்டுப் பார்த்ததுமே அளவுகோலை எடுத்தார். "இது 8 கேஜ்மா. யார் போட்டது?" என்றார். சர்வீஸில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கடையில் நான் வாசித்துப் பார்த்த அன்றும் அதே 8-தான் இருந்திருக்க வேண்டும். கட்டைவிரல் சுகமாக இருந்ததில் பாதி நெக், பாதி அந்த நூல் மாதிரிக் கம்பி.

பின்தட்டின் ஆறு ஸ்க்ரூவையும் கழற்றினார். உள்ளே ஸ்ப்ரிங்குகள் முழுக்க முறுக்கி இழுத்து வைக்கப்பட்டிருந்தன. ப்ரிட்ஜின் அடிக்கட்டைக்கும் குழியின் சுவருக்கும் நடுவில் ஒரு ப்ளைவுட் துண்டு. தீப்பெட்டியில் பாதி அளவு. கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, அசையாமல் இருக்க ஒரு சொட்டுப் பசையும் வைத்திருந்தார்கள். அங்கிள் அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பாரை மேலே இழுக்க முடியாததற்குக் காரணம் அதுதான். அமுக்கிவிட்டால் ஸ்ப்ரிங் அடிக்கட்டையை அந்தத் துண்டின்மேல் கொண்டுவந்து இடித்து நிறுத்திவிடும், அதனால் சுருதி மாறாது, பச்சை விளக்கு எரியும். சிலர் தெரிந்தே இப்படி வைத்துக்கொள்வதுண்டு, அதில் தப்பில்லை. ஆனால் இங்கே வைத்தது எதையோ மறைப்பதற்கு.

எதை என்று, கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பைக் கழற்றியதும் தெரிந்தது. ஸ்டட் இறங்கும் துளைக்கும் பிக்கப் குழிக்கும் நடுவில் மரம் மெல்லியது. அங்கே ஒரு விரிசல், மேலிருந்து கீழ்வரை. ஃபெவிகுவிக் போல ஏதோ ஒன்றை ஊற்றி, மேலே கறுப்புப் பெயின்ட் தொட்டுவிட்டிருந்தார்கள். டார்ச் அடித்தபோது பசை கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. 9 கேஜ் செட்டின் மொத்த இழுவை கிட்டத்தட்ட 38 கிலோ, 8 கேஜ் என்றால் 30 சொச்சம்தான். ஸ்ப்ரிங்கின் இழுவையும் சேர்ந்து அந்த இரண்டு ஸ்டட் மேல்தான் விழுகிறது. நான் 9 போட்டதும் ஒட்டிய இடம் விட்டுவிட்டது. நெக்கைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூவின் தலையையும் காட்டினார். பள்ளங்கள் தேய்ந்து போயிருந்தன. "இது பல தடவை கழட்டி மாட்டின பாடிம்மா. புதுசுன்னு எவன் சொன்னான்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த நெக் நிஜமாகவே நல்ல நெக். வயிற்றெரிச்சலே அதுதான்.

நேற்று ப்ளைவுட் துண்டையும் படங்களையும் எடுத்துக்கொண்டு போனேன். அதே மனிதர், அதே நாற்காலி. இந்த முறை சிஸ்டர் இல்லை, மேடம். "நீங்க 9 போட்டதாலதான் விரிசல் வந்திருக்கு மேடம்." ஒட்டின பசையும் நான் போட்டதா என்று கேட்டேன். "தட்டைக் கழட்டிட்டீங்க, இனி எங்க பொறுப்பு இல்ல." பில்லைக் காட்டுங்கள் என்றார். பில் கொடுக்காதவரே பில் கேட்கிறார்! எஸ்டிமேட் சீட்டை நீட்டினேன். "இதுல கடைப் பேரே இல்லையே மேடம்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். உண்மைதான், இல்லை. 46,500 என்ற எண்ணும் ஒரு கிறுக்கலும்தான் இருக்கிறது. படியிறங்கி பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் வாட்ஸ்அப்பில் என்னைப் பிளாக் செய்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் பில் கொடுக்காமல் விற்பதும் முறையற்ற வணிகம் என்றே இருக்கிறது. வாங்கி இன்று 26-ஆவது நாள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, விற்பனை வீடியோ எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன். அந்த வீடியோவில் புத்தம் புதுசு என்று அவர் வாயாலேயே சொல்கிறார். நல்ல வேளை, அந்த வீடியோவை அவர் இன்னும் நீக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடவும் தயார். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

சரி, பார்க்க வேண்டியவை. நிறைய எழுத நினைத்தேன், ஆனால் 6 மணிக்கு கொயர் ரிகர்சல், அதற்கு முன் அங்கிளிடம் எழுத்தில் ஒரு குறிப்பு வாங்க வேண்டும். அதனால் அவசரமாகச் சொல்கிறேன்.

பின்தட்டைக் கடையிலேயே கழற்றச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. மறுத்தால் கிளம்பிவிடுங்கள். பாரை அமுக்கினால் மட்டும் போதாது, மேலேயும் இழுங்கள். மிதக்கும் ப்ரிட்ஜ் என்று சொல்லி விற்றால் இரண்டு பக்கமும் ஆட வேண்டும். ஸ்டட் இரண்டும் நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். என்ன கேஜ் கம்பி என்று கேளுங்கள், முடிந்தால் உங்கள் கம்பியை எடுத்துப் போய்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நெக்கின் சுகம் அப்போதுதான் தெரியும். நெக் ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். கடைப் பெயரில் ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மச்சான் அக்கவுண்ட், தம்பி அக்கவுண்ட் எதற்கும் போடாதீர்கள்.

சரிசெய்ய அங்கிள் வழி சொன்னார். துளைகளைக் கடின மரத்தால் அடைத்து, புதிதாகத் துளையிட்டு, வேறு ப்ரிட்ஜ் போட வேண்டும், 14,000 ஆகும். செய்யச் சொல்லவில்லை. புகார் முடியும்வரை கிட்டார் இப்படியே, கழற்றிய நிலையில்தான் இருக்கும். ப்ளைவுட் துண்டு எஸ்டிமேட் சீட்டோடு ஒரு ஜிப் கவரில் பீரோவுக்குள் இருக்கிறது. இந்த ஞாயிறும் சபையின் பழைய கிட்டார்தான்.