நியூ ஜெர்சியா, டெக்சஸா: சம்பளத்தில் போகும் வரியும் வீட்டில் போகும் வரியும்

நியூ ஜெர்சியில் எடிசன், பிளெயின்ஸ்போரோ பக்கம் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் டெக்சஸின் டல்லாஸில் வந்து நிற்கிறது. "அங்கே ஸ்டேட் டாக்ஸே கிடையாது, வீடும் பெரிசு" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "பிராப்பர்டி டாக்ஸ் எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க" என்று இன்னொருவர் மறிப்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

சம்பளத்திலிருந்து தொடங்குவோம். டெக்சஸில் தனிநபர் வருமான வரி இல்லை. இனி வராமலிருக்க 2019-இல் வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சட்டத்திலேயே தடை போட்டுவிட்டார்கள். நியூ ஜெர்சியில் 1.4 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, பத்து லட்சம் டாலருக்கு மேல் 10.75 சதவீதம். நம் ஐடி குடும்பங்களில் பெரும்பாலானவை 5.525, 6.37 என்ற இரண்டு படிகளில்தான் நிற்கின்றன. முழுச் சம்பளத்துக்கும் 6.37 போகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 2 லட்சம் டாலர், இரண்டு குழந்தைகள், ஒருவர் மட்டும் 401 கே ஓய்வுக்காலச் சேமிப்பில் 2025-க்கான உச்ச வரம்பு 23,500-ஐப் போடுகிறார். எடிசன் பக்கம் 6 லட்சம் டாலர் வீடு, சொத்து வரி 12,000 என்று வையுங்கள். (மாநிலத்தின் சராசரி சொத்து வரியே 2024-இல் முதல்முறையாக 10,000-ஐத் தாண்டியது. நல்ல பள்ளி உள்ள ஊரில் 12,000 சாதாரணம்.) நியூ ஜெர்சியில் 15,000 டாலர் வரையிலான சொத்து வரியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதையும் குழந்தைகளுக்கான விலக்கையும் கழித்த பிறகு மாநில வருமான வரி சுமார் 6,100 டாலர். இரண்டும் சேர்ந்து 18,100.

அதே 6 லட்சத்துக்கு டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் ஒரு வீடு. நகரம், கவுண்டி, பள்ளி மாவட்டம், கம்யூனிட்டி காலேஜ் எல்லாம் சேர்த்து சுமார் 1.7 சதவீதம். குடியிருக்கும் சொந்த வீடு என்பதற்கான ஹோம்ஸ்டெட் விலக்கு பள்ளி வரிக்கு மட்டும் 1,40,000 டாலர்; 2025 நவம்பர் வாக்கெடுப்பில்தான் ஒரு லட்சத்திலிருந்து இந்த அளவுக்கு ஏறியது. அதைக் கழித்தால் ஆண்டுக்கு சுமார் 8,800. வருமான வரி பூஜ்யம். அப்படியானால் மிச்சம் 9,300 என்று தோன்றும்.

அங்கேயே பேனாவை மூடிவிடாதீர்கள். வீட்டுக் காப்பீட்டைச் சேர்க்க வேண்டும். வட டெக்சஸ் ஆலங்கட்டி மழையும் சூறாவளியும் அடிக்கும் பூமி. நாட்டிலேயே வீட்டுக் காப்பீடு மிக அதிகமான மாநிலங்களில் அதுவும் ஒன்று. நியூ ஜெர்சியில் 1,800 கட்டும் குடும்பம் அங்கே 4,500 கட்டுவதாக வைத்துக்கொண்டால் 2,700 போய்விடுகிறது. பிரீமியத்தோடும் முடிவதில்லை. காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு டிடக்டிபிள் பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் முதல் 10,000 டாலர் உங்கள் பை. கூரை மாற்ற 20,000 ஆகும் என்றால் பாதி நீங்களே போட வேண்டும்.

அடுத்து ஃபெடரல் வரி, அதாவது மத்திய அரசின் வருமான வரி. மாநில, உள்ளூர் வரிகளைக் கழித்துக்கொள்ள 2018 முதல் 10,000 டாலர் உச்சவரம்பு இருந்தது. நியூ ஜெர்சிக்காரர்களை டெக்சஸ் பக்கம் தள்ளியதில் அதற்கும் பங்கு உண்டு. 2025 சட்டம் அதை 40,000 ஆக்கியது. 5 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் குறைந்துகொண்டே போகும், 2030-இல் மறுபடி 10,000. புதிதாக வீட்டுக் கடன் வாங்கிய நம் குடும்பம் வட்டியையும் சேர்த்துத் தனித்தனியாகக் கழிவு காட்டும் என்பதால், நியூ ஜெர்சியின் 18,100 முழுவதையும் காட்டலாம். டெக்சஸில் சொத்து வரியோடு விற்பனை வரியைக் காட்டினாலும் 10,600 அளவில்தான் வரும். இந்த வித்தியாசத்தில் 22 சதவீதம் (இந்தக் குடும்பம் நிற்கும் ஃபெடரல் வரிப் படி), அதாவது சுமார் 1,600 டாலர், நியூ ஜெர்சிப் பக்கம் திரும்பி வருகிறது. கடைசியில் டெக்சஸின் லாபம் ஆண்டுக்கு 5,000 டாலர். சின்னத் தொகை இல்லை. ஆனால் கூட்டங்களில் அடிபடும் "பதினஞ்சாயிரம் மிச்சம்" எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இந்த 5,000-உம் ஃப்ரிஸ்கோ போன்ற பழைய ஊருக்குத்தான். அங்கே வீடு எட்டாமல் வடக்கே ஸெலைனா, மேற்கே லிட்டில் எல்ம் பக்கம் புதுக் குடியிருப்புகளுக்குப் போகிறவர்கள் "மட்" என்ற சொல்லைக் கட்டாயம் கேட்க வேண்டும். தண்ணீர், கழிவுநீர், சாலை போடக் கடன் வாங்கிய மாவட்டம் அந்தக் கடனை அடைக்கப் போடும் தனி வரி அது. அதுவும் சேர்ந்தால் மொத்தம் 2.5 சதவீதத்தைத் தாண்டலாம். 6 லட்சம் வீட்டுக்கு 2.6 சதவீதம் போட்டால், விலக்கு போக 13,850. காப்பீட்டையும் ஃபெடரல் கழிவையும் சேர்த்துக் கூட்டினால் லாபம் ஆண்டுக்கு ஆயிரம் டாலராகச் சுருங்கிவிடுகிறது. டல்லாஸ் நார்த் டோல்வே என்ற கட்டணச் சாலையில் இரண்டு கார்கள் தினமும் போய் வந்தால் அதுவும் இல்லை.

புது வீட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வீடு வாங்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. டெக்சஸில் சொத்தின் மதிப்பை ஜனவரி 1 அன்று இருந்த நிலையில் கணக்கிடுவார்கள். ஜனவரியில் வெறும் மனை, ஜூலையில் நீங்கள் குடிபோகிறீர்கள் என்றால், முதல் ஆண்டு பில் மனைக்கு மட்டும்: 1,20,000 மதிப்புக்கு சுமார் 3,000 டாலர். கடன் கொடுத்த நிறுவனம் அதைப் பார்த்து எஸ்க்ரோவில் (வரி கட்டுவதற்காகத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் கணக்கில்) மாதம் 260 டாலர் பிடித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் நிம்மதியாகவே இருக்கும். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் பில் வரும். மாதத் தவணை 900 டாலர் ஏறும். போதாததற்கு, ஏற்கெனவே விழுந்த துண்டையும் அடுத்த 12 மாதங்களில் பிடிப்பார்கள், அது இன்னொரு 900. கடன் தவணையோடு மாதம் 3,600 கட்டிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு 5,400 என்று கடிதம் வந்தால் எப்படியிருக்கும்? குடிபோன நாளிலிருந்தே முழு வீட்டின் மதிப்புக்கு எஸ்க்ரோ பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

மதிப்பீட்டைக் குறைக்க முறையிடுவதும் அங்கே ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. ஏப்ரலில் நோட்டீஸ் வரும், பொதுவாக மே 15-க்குள் முறையிட வேண்டும். டெக்சஸில் விற்பனை விலையை அரசிடம் தெரிவிக்கும் கட்டாயம் இல்லாததால், நீங்கள் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பது சொத்துகளை மதிப்பிடும் அப்ரைசல் மாவட்டத்துக்கு உறுதியாகத் தெரியாது. அவர்கள் போட்ட மதிப்பைவிடக் குறைவாக வாங்கியிருந்தால் உங்கள் க்ளோஸிங் ஸ்டேட்மென்ட்தான் நல்ல சான்று. ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கிய அடுத்த ஆண்டிலிருந்து வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற பாதுகாப்பும் உண்டு. ஆனால் 10 சதவீதமே பெரிய ஏற்றம்தான்.

சரி, என் உண்மையான அக்கறை வேறு இடத்தில் இருக்கிறது. சம்பளம் நின்றால் வருமான வரியும் நின்றுவிடும். சொத்து வரி நிற்காது. எச்-1பி வேலை விசாவில் இருந்துகொண்டு கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாகக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தில் வேலை போகிறது என்று வையுங்கள். அடுத்த வேலை தேட 60 நாள். நியூ ஜெர்சியில் அந்த 6,100 தானாகவே இறங்கும், 12,000 நிற்கும். மட் உள்ள டெக்சஸ் வீட்டில் 13,850-உம் காப்பீடு 4,500-உம் ஒரு டாலர் குறையாமல் வாசலில் நிற்கும். சம்பளம் நிறைய, வீடு அடக்கம் என்றால் டெக்சஸ் கணக்கு அழகாக வேலை செய்கிறது. சம்பளம் நடுத்தரம், வீடு மட்டும் 3,800 சதுர அடி என்றால் சறுக்குகிறது. நம் ஆட்கள் இங்கிருந்து போனதும் செய்வது பெரும்பாலும் இரண்டாவதுதான். விலை குறைவு என்று மிச்சப்பட்ட பணத்தையும் வீட்டிலேயே போட்டுவிடுகிறார்கள். ஓய்வுபெறும் வயதில் வருமானம் குறைந்த பிறகும் இதே கதைதான்.

வேலையை மாற்றாமல், நியூயார்க் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்ற நம்பிக்கையில் டெக்சஸ் போகிறவர்கள் நிறுத்தி நிதானமாக யோசிக்க வேண்டும். நிறுவனத்தின் தேவைக்காக அல்லாமல் உங்கள் வசதிக்காக வெளிமாநிலத்தில் உட்கார்ந்து வேலை செய்தால், அந்த நாட்களையும் நியூயார்க்கில் வேலை செய்த நாட்களாகவே அந்த மாநிலம் எண்ணும். கனெக்டிகட் வீட்டிலிருந்து வேலை செய்த சட்டப் பேராசிரியர் எட்வர்ட் ஸெலின்ஸ்கி இதை எதிர்த்து வழக்காடி 2003-இல் நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றத்திலேயே தோற்றார். நியூ ஜெர்சியில் இருக்கும்வரை நியூயார்க்கில் கட்டியதற்கு இங்கே வரவு கிடைக்கும். டெக்சஸில் வருமான வரியே இல்லாததால் வரவு வைக்கவும் இடமில்லை. வரி மிச்சம் என்று போனவர் நியூயார்க் வரியை முழுதாகக் கட்டிக்கொண்டு, மேலே டெக்சஸ் சொத்து வரியும் கட்டுவார். கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஆர்எஸ்யூ-வில் (நிறுவனம் சம்பளத்தோடு ஒதுக்கும் பங்குகளில்) இதே மாதிரி ஒரு வால் உண்டு: பங்கு ஒதுக்கிய நாளிலிருந்து கைக்கு வரும் நாள்வரை அங்கே வேலை செய்த காலத்தின் விகிதத்துக்கு, நீங்கள் எங்கே குடியேறினாலும் கலிஃபோர்னியா வரி கேட்கும்.

சம்பளமே குறையுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஊருக்கு ஏற்பச் சம்பளம் வைக்கும் நிறுவனங்கள் உண்டு. 5 சதவீதம் வெட்டினால் 10,000. ஃபெடரல் வரியும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் போகக் கையில் 7,000 குறையும். மேலே போட்ட 5,000 லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

விற்பனை வரியில் பேச அதிகமில்லை. நியூ ஜெர்சி 6.625, டெக்சஸில் உள்ளூர் வரி சேர்ந்து பெரும்பாலும் 8.25. மளிகைக்கு இரண்டிலும் வரி இல்லை, துணிக்கு நியூ ஜெர்சியில் இல்லை. மின்சாரம், எரிவாயுவில் டெக்சஸ் கோடையில் ஏசி விழுங்குவதை நியூ ஜெர்சி குளிர்காலத்தில் ஹீட்டர் விழுங்குகிறது. 2025 ஜூனில் நியூ ஜெர்சி மின்கட்டணம் 20 சதவீதம் வரை ஏறியதிலிருந்து இங்கே பெருமைப்படவும் எதுவுமில்லை. கார் மட்டும் பெரிய வித்தியாசம்: மெட்ரோபார்க்கில் ரயில் ஏறி நியூயார்க் பென் ஸ்டேஷன் போகும் குடும்பம் ஒரு காரில் காலம் தள்ளலாம். ஃப்ரிஸ்கோவில் டல்லாஸ் வட்டாரத்தின் டார்ட் ரயிலே கிடையாது.

பிள்ளைகளின் கல்லூரியில் தராசு டெக்சஸ் பக்கம் சாய்கிறது, ஒரு நிபந்தனையோடு. மாநில மாணவர்களுக்கு டெக்சஸின் அரசுப் பல்கலைக்கழகமான யூ.டி. ஆஸ்டினின் கல்விக் கட்டணம் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸைவிடக் கணிசமாகக் குறைவு. ஆனால் தானாக இடம் கிடைக்க, வகுப்பில் முதல் 5 சதவீதத்துக்குள் வர வேண்டும். முன்பு 6 ஆக இருந்தது. நம் பிள்ளைகள் குவிந்திருக்கும் ஃப்ரிஸ்கோ பள்ளிகளில் அந்த 5 சதவீதத்துக்கு நடக்கும் போட்டியைப் பெற்றோர் நேரில் விசாரித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. அதில் வந்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

சியாட்டிலை நினைப்பவர்களுக்கு ஒரு வரி: சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, சொத்து வரி விகிதமும் டெக்சஸைவிடக் குறைவு, ஆனால் அதன் பக்கத்து ஊரான பெல்வ்யூவின் வீட்டு விலையும் 10 சதவீதத்தைத் தாண்டிய விற்பனை வரியும் அதை வாங்கிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், இருவருக்கும் உறுதியான வேலை, கிரீன் கார்டு கையில், மட் இல்லாத ஊரில் இப்போதைய வீட்டின் விலைக்குள்ளேயே வீடு என்ற மூன்றும் இருந்தால் டெக்சஸ் போகலாம். ஒன்று குறைந்தாலும் முதல் ஆண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். நியூ ஜெர்சி வீட்டை விற்பவர்கள், "எக்ஸிட் டாக்ஸ்" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். மாநிலத்தை விட்டுப் போகிறவரிடம், விற்ற விலையில் குறைந்தது 2 சதவீதத்தை முன்கூட்டியே பிடித்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு ரிட்டர்ன் போடும்போது லாபத்துக்கான உண்மையான வரி போக மீதி திரும்பக் கிடைக்கும். இன்னும் நியூ ஜெர்சியிலேயே குடியிருக்கும்போது விற்பனை முடிந்தால் ஜிஐடி/ஆர்ஈபி-3 படிவத்தில் கையெழுத்திட்டு அந்தப் பிடித்தத்தையும் தவிர்க்கலாம். அதனால் லாரி ஏற்றும் தேதியை க்ளோஸிங் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.