கிருஷ்ணகிரி – அஞ்செட்டி – ஒகேனக்கல்: வாடகை கேரவன் வண்டி எப்படி?

கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்தில் டிரைவரோடு வாடகைக்கு விடும் கேரவன் வேன் பற்றியது இது. பாதை ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல், பென்னாகரம், தருமபுரி. ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். அஞ்செட்டி தாண்டினால் முள்காடும் பாறையும்தான். மெக்கானிக்கையோ செல்போன் சிக்னலையோ நம்பிப் போக முடியாது. டீசலை தேன்கனிக்கோட்டையிலேயே நிரப்பிவிடுங்கள்.

வண்டியின் உடல் நன்றாகக் கட்டியிருக்கிறார்கள். படுக்கை, மேசை, அலமாரிப் பூட்டு எதிலும் குறையில்லை. ஆறு பேர் போகலாம் என்கிறார்கள். நான்கு பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

"ஏசி நாள் முழுக்க ஓடும்" என்று சொல்வது மட்டும் சரியில்லை. பேட்டரி 12.8 வோல்ட், 200 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) லித்தியம். இரண்டையும் பெருக்கினால் 2,560 வாட்ஹவர், அதாவது 2,560 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடும் மின்சாரம். அடியில் 20 சதவீதத்தை விட்டுவைத்து, இன்வெர்ட்டர் தின்பதையும் கழித்தால் கைக்கு வருவது 1,850 அளவு. கூரை ஏசி சராசரியாக 900 வாட் இழுக்கும். வண்டி நின்றால் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். ஓடும்போது, இன்ஜின் தரும் மின்சாரத்தை இந்த பேட்டரிக்கு ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் மணிக்கு 400 வாட்ஹவர் வரை ஏற்றும். அதனால் காலையில் கூரை ஏசியைத் தொடாமல், இன்ஜினில் ஓடும் முன்பக்க ஏசியிலேயே ஓட்டி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சேமியுங்கள். கூரையில் 200 வாட் சோலார் இருக்கிறது. அதற்காக வெயிலில் நிறுத்த வேண்டாம். சூடேறிய தகரம் ஏசிக்குக் கூட்டும் சுமை, சோலார் தருவதைவிட அதிகம். புளியமர நிழலே மேல். ஆனால் கிளையைப் பாருங்கள்: ஏசியோடு சேர்த்து வண்டியின் உயரம் எவ்வளவு என்று கேட்டு, எழுதி, டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.

தண்ணீர்த் தொட்டி 80 லிட்டர். ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் போகும், பத்து நிமிடத்தில் காலி. வாளியும் மக்கும் எடுத்துப் போனால் நான்கு பேருக்கு ஒரு நாள் தாங்கும். இன்னொன்று முக்கியம்: வாடகைக்காரர் தொட்டியில் நிரப்புவது போர் தண்ணீர். இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். தொட்டி நீர் கழுவ மட்டும். குடிக்க ஆளுக்கு 5 லிட்டர் கேனில் தனியாக வையுங்கள்.

டயர் காற்றைக் காலையில், வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். மதியச் சூட்டில் அழுத்தம் ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி, இன்னும் சூடேறி, வெடிக்கும். ஸ்டெப்னியையும் விடாதீர்கள், டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டும் தயாரித்த வருடம். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஒகேனக்கல் இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. ஏறுகிற கியரிலேயே இறக்க வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் லைனர் சூடேறிப் பிடிப்பு போய்விடும், அதுவும் இவ்வளவு கனத்தோடு. யானை நடமாடும் காடு என்பதால் மாலை 5 மணிக்குள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடும்படி கிளம்புங்கள்.

அடுப்புக்கு 5 கிலோ சிலிண்டர் தருகிறார்கள். அதை வைத்திருக்கும் பெட்டியின் அடித்தட்டில் காற்றுத் துளை விட்டிருப்பது பாராட்ட வேண்டிய வேலை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். புறப்படும் முன் சோப்பு நுரை தடவி ரெகுலேட்டர் இணைப்பைச் சோதியுங்கள்.

கழிப்பறை கேசட், அதாவது கழிவு சேரும் கழற்றக்கூடிய பெட்டி, 20 லிட்டர். சாயங்காலத்துக்குள் நிரம்பிவிடும். அதைக் காட்டிலோ ஆற்றிலோ கொட்ட விடாதீர்கள்; திருப்பிக் கொண்டுவந்தால் வாடகைக்காரரே செப்டிக் தொட்டியில் காலி செய்துகொள்கிறார், கழுவும் கூலி தனி.