வனவியல் பட்டப்படிப்பு: நான்கு வருடம் படித்தவளின் விமர்சனம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து சொந்தத்தில் மூன்று பிள்ளைகள் போன் பண்ணிவிட்டார்கள். "அக்கா, பி.எஸ்சி. ஃபாரஸ்ட்ரி எடுக்கலாமா, வேலை கிடைக்குமா?" மூன்று பேருக்கும் அரைமணி நேரம் பேசியதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன், இன்னும் யாருக்காவது உதவும்.

தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம், கேரளாவில் வெள்ளானிக்கரை, கர்நாடகாவில் சிர்சி, பொன்னம்பேட்டை என்று நம் பக்கத்தில் இந்தப் படிப்புக்குக் கல்லூரிகள் இருக்கின்றன. நான் எங்கே படித்தேன் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது கல்லூரியைப் பற்றிய விமர்சனம் இல்லை, படிப்பைப் பற்றியது. நான்கு வருடம், எட்டு செமஸ்டர். மேட்டுப்பாளையம் கல்லூரி தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்குக் கீழே வருவதால் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம், நீட் கிடையாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புலி, யானை பார்க்கலாம் என்ற ஆசையில் மட்டும் வந்தால் முதல் வருடமே சோர்ந்துபோவீர்கள். மண், விதை, நாற்றங்கால், புள்ளியியல், மரத்தை அளக்கும் கணக்கு, பூச்சி, நோய், சட்டம், இவைதான் பெரும்பகுதி. வனவிலங்குப் பாடம் உண்டு, ஆனால் அது பலவற்றில் ஒன்று. எனக்கு அந்த ஏமாற்றம் ஒரு செமஸ்டர் இருந்தது. அப்புறம் விதை வகுப்பு வந்தது, எல்லாம் மாறிப்போனது.

தேக்குக் காயைக் கையில் எடுத்துப் பாருங்கள், சின்னக் கோலிக்குண்டு மாதிரி, மேலே பஞ்சு ஒட்டியதுபோல் சொரசொரப்பாக, உள்ளே கல் போன்ற ஓடு. அப்படியே விதைத்தால் பெரும்பாலானவை முளைக்காமல் கிடக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து, இப்படி நாள்கணக்கில் செய்தால்தான் அந்த ஓடு இளகி வழிவிடும். எங்கள் பாத்தியில் முதல் முளை வந்த அன்று காலை ஆறு மணிக்கு விடுதியிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தோம். அதற்கடுத்த மாதம் கேரளாவில் பழைய தேக்குத் தோட்டம் இருக்கிற நிலம்பூருக்குக் கூட்டிப்போனார்கள். 1840களில் மலபார் கலெக்டராக இருந்த கானலி அங்கே தேக்குத் தோட்டம் போட ஆரம்பித்தபோது அவர்களுக்கும் இதே முளைப்புப் பிரச்சினைதான், பல தடவை தோற்று, கடைசியில் நாற்றுகளை வளர்த்துக் காட்டியவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனோன். அந்தப் பழைய மரங்களின் கீழே நின்று இதைக் கேட்டபோது, நம் கையில் ஊறிய காயும் இந்த மரமும் ஒரே கதை என்று பட்டது. புத்தகத்தில் படித்திருந்தால் ஒரு மார்க் கேள்வியாகப் போயிருக்கும்.

களப்பணிதான் இந்தப் படிப்பின் உயிர். கயிறு கட்டிப் பத்துக்குப் பத்து மீட்டர் சதுரம் போட்டு உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் எண்ணி, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து எழுத வேண்டும். சரிவில் நிற்கிற மரமென்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும் இடத்தில் ஒரு சதுரம் முடிப்பதற்குள் முழங்கை வரை கீறல். மழைக்காலத்தில் அட்டை வேறு. பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: காட்டில் நாள் முழுக்க ஒதுங்க இடம் இருக்காது, மாதவிடாய் நாட்களில் அது ரொம்பவே கஷ்டம். எங்கள் பேட்ச்சில் யாரும் இதைப் பற்றி முன்கூட்டிப் பேசவில்லை, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் நடந்தோம். அது தப்பு. கூச்சப்படாமல் முதல் நாளே கேளுங்கள்.

இப்போது என் பெரிய குறை. மரத்தை எண்ணக் கற்றுக்கொடுத்த அளவுக்கு மனிதர்களிடம் கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் பிரிவு பிரிவாக நடத்தினார்கள். 2006 வன உரிமைச் சட்டம் எங்களுக்கு ஒரே ஒரு வகுப்பு. காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களின் நிலத்துக்கும் சேகரிப்புக்கும் உரிமை சொல்லும் சட்டம் அது, கிராம சபைக்கு அதில் இருக்கிற இடம் எவ்வளவு பெரியது என்பதே நான் வெளியே வந்து பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கடைசி வருடப் பயிற்சிக்குச் சத்தியமங்கலம் பக்கம் போயிருந்தேன். மார்ச் மாதம், பாதி மரங்களில் இலையே இல்லை. ஒரு மரத்தடியில் நானும் தோழியும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றோம், இலையை வைத்துத்தானே எங்களுக்கு அடையாளம் தெரியும். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், ஊராளி சமூகத்துப் பெரியவர், நகத்தால் பட்டையைக் கீறி நீட்டினார். "ஏம்மா, இலை இருந்தாத்தான் மரமா? மோந்து பாரு." பிசின் வாசம். கிளுவை. எந்த மாதம் காய்க்கும், எந்தப் பறவை வரும், எந்தச் சரிவில் இது நிற்காது என்று நடந்துகொண்டே சொன்னார். அன்றைக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் கற்றது எனக்கு ஒரு செமஸ்டருக்குச் சமம். அவரைப் போன்றவர்கள் வகுப்புக்கு வந்து சம்பளத்தோடு பாடம் நடத்த வேண்டியவர்கள். எங்கள் பாடத்திட்டத்தில் அதற்கு இடமே இருக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதியதில் போன இரவுகள் வீண். செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைபடம் போடும் வகுப்பில் ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு பேர் உட்கார்ந்தோம், அதனால் க்யூஜிஐஎஸ் மென்பொருளை நானே வீட்டில் கற்றுக்கொண்டேன். அது இலவசம்தான், நீங்கள் முதல் வருடமே ஆரம்பித்துவிடுங்கள், பிறகு வேலைக்கு நிறைய உதவும்.

வேலை விஷயம். பட்டம் வாங்கியதும் ஃபாரஸ்ட் ஆபீசர் ஆகிவிடலாம் என்று வீட்டில் சொல்லி வைக்காதீர்கள். இந்திய வனப்பணிக்கு யுபிஎஸ்சி தேர்வு, அதில் முதல்நிலை ஐஏஎஸ் எழுதுகிறவர்களோடு சேர்ந்ததுதான், பொறியியல், தாவரவியல், விலங்கியல் படித்தவர்களும் போட்டிக்கு வருவார்கள். வனவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்பது நமக்கு உள்ள வசதி. மாநில வனத்துறைத் தேர்வுகள் உண்டு, ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்கப் பொறுமை வேண்டும். எங்கள் பேட்ச்சில் சிலர் வங்கிகளில் வேளாண் கள அலுவலர் ஆனார்கள், அந்தத் தேர்வுக்கு வனவியல் பட்டமும் செல்லும். சிலர் காகித ஆலைகளின் சவுக்கு, மலைவேம்பு சாகுபடிப் பிரிவில் விவசாயிகளோடு சுற்றுகிறார்கள். மேலே படிக்க டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனவர்களும் உண்டு. இரண்டு பேர் சம்பந்தமே இல்லாத வேலையில் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐந்துக்கு நான்கு தருவேன். குறைத்த அந்த ஒன்று முழுக்க மனிதர்களை விட்டுவிட்டதற்காக.

இது வேலைக்கு மட்டும்தானா என்று கேட்டால், போன பொங்கலுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சித்தப்பா தோட்டத்து வரப்பில் இருந்த தேக்கை வெட்டிப் போட்டிருந்தார், வியாபாரி வந்து கண்ணாலேயே பார்த்துக் கட்டைக்கு ஏழு கன அடி என்று விலை பேசிக்கொண்டிருந்தார். நான் டேப்பை எடுத்து ஒரு கட்டையின் நடுவில் சுற்றினேன், சுற்றளவு 120 சென்டிமீட்டர். நீளம் 3 மீட்டர். சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் 0.27 கன மீட்டர், அதாவது ஒன்பதரை கன அடி. இதுவே வியாபாரத்தில் வழக்கமான கால் சுற்றளவுக் கணக்கு, உண்மையான கன அளவில் இது 78.5 சதவீதம்தான் காட்டும், மிச்சம் ஏற்கெனவே வாங்குகிறவர் பக்கம் போய்விடுகிறது. இதைச் சொன்னதும் வியாபாரி மறுப்பு சொல்லவில்லை, மறுபடி விலை பேசினார். சித்தப்பா அந்த டேப்பை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மீதிக் கட்டைகளைத் தானே ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தார்.